பள்ளத்து வீடு

எங்கள் வீட்டில் பிளக் பொயின்ட் எல்லாம் நெஞ்சளவு உயரத்தில் இருக்கும். போனுக்குச் சார்ஜ் போட்டபடி கதைக்கிறவர் நின்றுகொண்டுதான் கதைக்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் நீண்ட போன் கதைகள் குறைவு. என் மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், கதிரையில் அமர்ந்ததும் முதலில் கண்டது அதைத்தான். மகளைப் பார்ப்பதற்கு முன்பே சுவரைப் பார்த்துவிட்டார்.

"ஏன் ராத்தா, பிளக் எல்லாம் இவ்வளவு உசரத்தில பூட்டிரிக்கி?"

"மாரியில வீட்டுக்குள்ள தண்ணி வரும். அதுக்குத்தான்," என்றேன்.

என் கணவர் இருமினார். தொண்டைக்காக வந்த இருமல் இல்லை அது. கலியாணப் பேச்சில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடாது என்பது அவருடைய கொள்கை. மறைத்துக் கொடுத்த வீட்டில் மகள் எப்படி நிமிர்ந்து வாழ்வாள் என்பது என்னுடைய கேள்வி. அவர் இன்னொரு தடவை இருமுவதற்குள் நான் எழுந்து அந்த அம்மாவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கிவிட்டேன்.

காட்டுவதற்கு எங்களிடம் நிறைய இருந்தது. பிரிட்ஜ் சீமெந்து மேடையில் நிற்கும். அலுமாரிகளுக்குக் கொங்கிரீட் தட்டு. குசினியில் காஸ் சிலிண்டரும் அடுப்பும் இடுப்புக்கு மேலே. அரிசி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பீப்பாயில் இருக்கும். பீப்பாயைக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருப்போம். வெள்ளத்தில் மிதந்தாலும் வாசலைத் தாண்டி ஒழுங்கைத் தெருவுக்குப் போகாது, மிதந்த இடத்திலேயே நின்று ஆடும். சுவரில் பழைய தண்ணீர் நின்ற கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தெரியும். மேல் கோட்டுக்குக் கீழே நாங்கள் பெயின்ட் அடிப்பதில்லை, வீணாகப் போகும் என்பதால். மழை பிடித்தால் யார் எதைத் தூக்குவது என்று எங்கள் வீட்டில் கேட்கத் தேவையில்லை. பாய் தலையணை மகளுக்கு, அரிசியும் அடுப்பும் எனக்கு, மோட்டரும் பற்றரியும் அவருக்கு. தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வீடு மேலே ஏறிவிடும். இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் சொன்னேன். அந்த அம்மா "ஓம் ராத்தா, ஓம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கொண்டு போனது.

வெளியூரார் விளங்கிக்கொள்ள ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுடையது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து ஏறுவது மனைவியின் வீட்டில். நான் மூத்தவள் என்பதால் உம்மாவின் வீடு எனக்குக் கிடைத்தது. உம்மாவும் வாப்பாவும் அதே மனை வளவில் தள்ளிப் போய் அடுத்த தங்கச்சிக்கு ஒன்று, அதற்கடுத்தவளுக்கு ஒன்று என்று கட்டிக்கொண்டே போனார்கள். புது வீடு பழைய வீட்டை விட ஒரு படியாவது உயரமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் கொடுக்க முடியாது. எங்கள் வளவில் மட்டும் இல்லை, ஒழுங்கை முழுக்க இதே கதைதான். ஒவ்வொரு குமர்ப் பெண்ணுக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னதை விட உயர்ந்த முற்றம், சுற்றி மதில். இப்படிக் கட்டிக் கட்டி, மூத்த பெண்களின் வீடெல்லாம் பள்ளமாகிவிட்டது. என் வீடுதான் எல்லாவற்றிலும் பள்ளம். ஒழுங்கையில் என்னைப் பள்ளத்து வீட்டுக்காரி என்றே சொல்வார்கள்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், அந்த முற்றங்களையெல்லாம் உயர்த்தியவர் என் கணவர்தான். அவருக்கு ஒரு டிரக்டர் இருக்கிறது. ஊருக்குக் கிரவல் மண் ஏற்றிக் கொடுப்பது அவர் தொழில். தெரு முழுவதையும் உயர்த்திவிட்டு வந்து, மாரியில் எங்கள் வீட்டுக்குள் கால்சட்டையை மடித்துக்கொண்டு நிற்பார். நான் வாளியை மட்டும் கையில் கொடுப்பேன்.

மாப்பிள்ளையின் தாய் சில நாட்களில் போன் எடுத்தார். சுற்றி வளைக்காமல் கதைத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"ராத்தா, புள்ளைய எங்களுக்கு நல்ல விருப்பம். மகனுக்கும் விருப்பம். வீடுதான் யோசினையா இரிக்கி. கலியாணத்துக்கு முதல் வளவ நிரப்பி, நிலத்தையும் உசத்தித் தந்தீங்கண்டா நல்லம். தண்ணிக்குள்ள மகன அனுப்ப மனம் வருதில்ல."

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நானும் தாய்தான். மகளிடம் சொன்னேன். அக்கரைப்பற்றில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறவள் அவள். எதையும் அளந்து கொடுத்துப் பழகியவள், பேச்சையும் அப்படித்தான். "உங்கட விருப்பம் உம்மா," என்றாள். விருப்பம் இல்லையென்றால் அவள் இப்படிச் சொல்ல மாட்டாள், குசினிக்குப் போய்ச் சட்டி பானையைச் சத்தமாகக் கழுவத் தொடங்குவாள். அன்று குசினி அமைதியாக இருந்தது. அவளுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. வளவை உயர்த்தினால் கலியாணம், உயர்த்தாவிட்டால் இந்தக் கலியாணம் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

கிரவல் வீட்டிலேயே இருக்கிறது, கொட்டுவதற்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். கணவரும் அதைத்தான் கேட்டார். ஏற்கெனவே வீட்டு நிலத்தை உயர்த்தி உயர்த்தி, மின்விசிறி எங்கள் தலைக்குக் கிட்ட வந்துவிட்டது. உயரமான விருந்தாளி வந்தால் விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவோம். சரி, கூரையைத் தூக்கலாம் என்று வையுங்கள். முற்றத்தை நிரப்பினால் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் வளவிலிருந்து பிரித்த பக்கத்து வளவு என் அடுத்த தங்கச்சியுடையது. அவளுடைய வாசற்படி எங்கள் படியை விட ஒரு சாண்தான் உயரம். நான் கிரவல் கொட்டினால் அடுத்த மாரியில் அவள் வீடுதான் பள்ளத்து வீடு.

அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"நீங்க நிரப்புங்க ராத்தா. குமர் காரியம் நடக்கட்டும். எனக்குத் தண்ணி வந்தா நான் உங்கட வீட்டுக்கு வாறன்."

நல்லது என்று திரும்பினேன். வாசலைத் தாண்டும்போது பின்னால் இருந்து கேட்டாள்: "ராத்தா, பிரிட்ஜுக்கு மேடை கட்ட எவ்வளவு கல்லு வேணும்?"

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு எனக்குக் கிரவல் கொட்ட மனம் வரவில்லை. என் மகளுக்காக அவள் தன் வீட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க ஆயத்தமாகிவிட்டாள், குரலில் ஒரு சிணுங்கலும் இல்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன், இந்த வளவுக்குள் ஒரு சவள் கிரவலும் வரக்கூடாது என்று.

"அப்ப கலியாணம்?" என்றார்.

"வேற வழி பார்ப்பம்," என்றேன். என்ன வழி என்று எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வதில் நான் கெட்டிக்காரி.

அந்தக் கிழமைதான் வெள்ளம் பற்றி ஒழுங்கைக்காரருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். பாடசாலை மண்டபத்தில், கதிரைகளை எல்லாம் ஆண்களுக்குப் போட்டிருந்தார்கள். பெண்கள் நாலைந்து பேர் பின்னால் வாங்கில் இருந்தோம். அனர்த்த முகாமைத்துவ வேலையில் இருந்த ஒரு இளம் பெண் வந்து திரையில் எங்கள் ஒழுங்கையின் படத்தைப் போட்டுக் காட்டினாள். பச்சை வீடு, மஞ்சள் வீடு, சிவப்பு வீடு. பின்னால் நீல நிறத்தில் தோணா. ஊர் மழைத் தண்ணீரை வாங்கிக் கடலுக்குக் கொண்டு போகும் அகன்ற வாய்க்காலைத்தான் நாங்கள் தோணா என்போம். சிவப்பு வீடு ஒன்றே ஒன்று. அதை அவள் "மிகவும் பாதிப்புறக்கூடிய வீடு" என்று வாசித்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழுந்து நின்றேன்.

"மகள், அந்தச் சிவப்பு வீட்டுக்காரி நான்தான். பச்சை வீட்டுக்காரருக்கு முழங்கால் தண்ணி வந்தா என்ன செய்யிறதெண்டு தெரியாது. எனக்குத் தெரியும். எங்கட வீட்டில இதுவரைக்கும் ஒரு சாமானும் மிதந்து போகல்ல. பாதிப்பு எண்டா அவங்களுக்குத்தான் எழுதணும்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. கணவர் இருமினார். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, நான் சொன்னதை எழுதிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க செய்யிறதுக்குப் பேர்தான் தாங்குதிறன். நாங்க வகுப்பு வச்சுப் படிப்பிக்கிறத்த நீங்க செய்றீங்க. ஆனா ஒண்டு கேக்கட்டுமா? தண்ணி வந்தா தாங்கிறீங்க. அது போறத்துக்கு வழி கேட்டீங்களா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். கேட்டதில்லை. தாங்குவதில் எனக்கு அவ்வளவு பெருமை இருந்தது, கேட்பது என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. அவள் படத்தில் விரல் வைத்துக் காட்டினாள். என் பின் மதிலுக்கு அப்பால் ஒரே ஒரு வளவு. அதற்கப்பால் தோணா. அந்த மதிலின் அடியில் ஒரு திறப்பு, அந்த வளவின் ஓரத்தால் ஒரு வாய்க்கால், இவ்வளவுதான் வேண்டும் என்றாள். மேலேயுள்ள வீடுகளும் தங்கள் மதில்களின் அடியில் திறந்துவிட்டால், தெருத் தண்ணீர் ஒவ்வொரு வளவாகத் தேங்கி நிற்காமல் ஓடிப் போகும். எல்லா முற்றத்திலும் கொஞ்ச நேரம் தண்ணீர் நிற்கும், ஒரு முற்றத்திலும் நாட்கணக்கில் நிற்காது. மிகத் தெளிவாகச் சொன்னாள். ஆண்கள் எல்லாரும் சம்மதம் என்று கை தூக்கினார்கள். என் பின்வளவுக்காரியின் கணவரும் தூக்கினார். கூட்டம் பிஸ்கட்டோடு முடிந்தது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

நடக்காததன் காரணம் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். கை தூக்கியவர்களில் ஒருவருக்கும் அந்த ஒழுங்கையில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. எல்லாம் மனைவிமாரின் வீடு. கூட்டம் வைத்தவர்கள் வெளியூர், அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஆண்களுக்குத் தெரியும், ஆனால் சபையில் எழுந்து 'மதில் என் மனைவியுடையது, கேட்டுவிட்டு வருகிறேன்' என்று சொல்ல எந்த ஆணுக்கு வாய் வரும்? கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆகவே நான் போனேன். பின்வளவுக்காரியை நான் மச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு காலத்தில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி இருந்தது. வேலியில் ஒரு கடப்பு இருந்தது, பெண்கள் ஒழுங்கைக்கு இறங்காமலே வீடு வீடாகப் போய் வருகிற சின்ன வழி. மச்சி தன் மகளைக் கலியாணம் கட்டிக் கொடுத்தபோது வேலி மதிலானது, கடப்பும் போய்விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் கலியாணத்துக்கும் மௌத்துக்கும் மட்டும் முன் வாசலால் போய் வருகிறவர்களானோம். சண்டை ஒன்றும் இல்லை, மதில்தான் நடுவில்.

மச்சி எனக்குத் தேத்தண்ணி தந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஊர்த் தண்ணியெல்லாம் எங்கட முத்தத்தாலயா போகணும்? நல்ல கதை."

"ஓரத்தாலதான். மேல கொங்கிரீட் சிலாபு போட்டு மூடலாம்."

"உங்கட வீட்டு மீன் கழுவின தண்ணியும் வரும்."

"மீன் தண்ணிய நான் வாழைக்கு ஊத்துறன். மழைத் தண்ணி மட்டுந்தான் வரும் மச்சி."

பிறகு பிடி கிடைத்ததைப் போலச் சொன்னாள்: "எனக்கென்னகா, நான் ஓம் எண்டுவன். ஆனா இது என்ட வீடில்ல. மகளுக்கு எழுதிக் குடுத்தாச்சி. அவ கத்தார்ல இரிக்கா. அவட மதில நான் எப்பிடி உடைக்கிற?"

ஊர் வழக்கத்தை எடுத்து என் வாயை அடைக்கப் பார்த்தாள். ஆனால் அதே வழக்கம் எனக்கும் தெரியுமே. "அப்ப வீட்டுக்காரிட்டயே கேப்பம். வீடியோக் கோல் எடுங்க," என்றேன்.

கத்தாரில் அப்போதுதான் விடிந்திருக்கும். அந்தப் பிள்ளை தலைக்கு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு திரையில் தோன்றினாள். சலாம் சொன்னாள். என்னைக் கண்டதும் "பெரியம்மா, நீங்களா? உம்மாவோட எப்ப ராசியானீங்க?" என்றாள். நாங்கள் பிரிந்திருந்தோம் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. மச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்காமல், என் மகளின் கலியாணக் கதையையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"உம்மா, எங்கட பழைய வீடு பெரியம்மாட வீட்ட விடப் பள்ளம். நினைவிரிக்கா? மழைக்கு நாங்க எல்லாம் அங்கதானே போய்ப் படுக்கிற. பெரியம்மாட மேசைக்கு மேல என்னப் படுக்க வச்சா. காலையில ரொட்டி சுட்டுத் தந்தா."

"அது அந்தக் காலம்," என்றாள் மச்சி.

"என்ட வீட்டு மதில்தானே உம்மா? உடைக்கச் சொல்லுங்க. இரும்புக் கம்பி வச்சுக் கட்டச் சொல்லுங்க, நாய் பாம்பு பூராத மாதிரி. சிலாபு போட்டு மூடணும். நான் வந்து பார்ப்பன்."

மச்சி போனை என்னிடம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "கேட்டீங்களே வீட்டுக்காரிட உத்தரவ," என்றாள். குரலில் தோல்வி இல்லை. பிள்ளை வளர்த்த பெருமை இருந்தது. இரண்டாவது தேத்தண்ணியும் கேட்காமலே வந்தது.

அதன் பிறகு வேலை நடந்த வேகத்தை நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நானும் தங்கச்சியும் ஒழுங்கையில் வீடு வீடாகப் போனோம். கணவன்மாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே குசினிக்குப் போய் வீட்டுக்காரியைக் கேட்டோம். சிலர் உடனே ஓம் என்றார்கள். சிலர் மகளைக் கேட்க வேண்டும் என்றார்கள். ஒருத்தி மதிலைத் திறந்தால் தன் கோழி போய்விடும் என்றாள், கோழிக்கும் கம்பி வைத்தோம். கூட்டத்துக்கு வந்த அந்தப் பிள்ளை திரும்ப வந்து எங்கே எவ்வளவு சரிவு வேண்டும் என்று நூல் பிடித்துக் காட்டினாள். ஆண்கள் அலவாங்கோடும் சவளோடும் வந்தார்கள். உத்தரவு கிடைத்த பிறகு அவர்களை விட நல்ல வேலைக்காரர் கிடையாது. நாங்கள் சோறும் மீன் ஆணமும் சமைத்துப் போட்டோம்.

என் கணவரின் டிரக்டர் மச்சியின் வளவுக்குள் போனது. முன்பு அவர் கொண்டுவந்து கொட்டிய கிரவலை வாய்க்காலுக்காக அவரே வெட்டி ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். மச்சி வாசலில் நின்று சொன்னாள்:

"வித்தவரே அள்ளிட்டுப் போறார். இனி இத ஆருக்கு விக்கப் போறீங்க காக்கா?"

அவர் டிரக்டரைத் திருப்பினார். காது மடல் சிவந்திருந்தது. அந்தக் கிரவல் பள்ளிவாசல் ஒழுங்கையின் குழிகளுக்குப் போனது, சும்மாதான் கொடுத்தார்.

மாரி வந்தது. மழை விடாமல் பிடித்தது. மேற்கே வயல் எல்லாம் வெள்ளைத் தண்ணீர். குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தன. தோணாவின் வாயைக் கடற்கரையில் பெக்கோ மெசின் கொண்டு வெட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வளவு உயரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். மழைக்குப் பிறகு கதைப்போம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

காலையில் தெருத் தண்ணீர் வந்தது. வழமையான வரவுதான், முதலில் முற்றம், பிறகு படி. நாங்கள் வழமைபோல வீட்டை மேலே ஏற்றினோம். மதிலைத் திறந்துவிட்டோம் என்பதற்காக மேடையை நம்பாமல் விடுகிற ஆட்கள் நாங்கள் இல்லை. தண்ணீர் உள்ளே வந்தது, கணுக்கால் நனைந்தது. நான் பின்வாசலில் நின்று மதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து தங்கச்சியின் வளவுத் தண்ணீர் வந்தது, அவளுக்கு மேலே உள்ளவர்களின் தண்ணீரும் வந்தது. எல்லாம் சுழித்துக்கொண்டு போய் அந்தக் கம்பி வைத்த திறப்புக்குள் இறங்கியது. மதிலுக்கு அப்பால் மச்சியின் குரல் கேட்டது: "போகுதுகா, போகுது. சிலாபுக்குக் கீழால சத்தம் கேக்குது." மத்தியானம் ளுகர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், வீட்டின் நிலம் தெரிந்தது. முன்பெல்லாம் எங்கள் வீட்டில் வந்த தண்ணீர் பெருநாள் விருந்தாளி மாதிரிப் போக மனமில்லாமல் இருக்கும். அந்த நிலத்தைப் பார்த்து நான் அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை, நன்றாக அழுதேன்.

மற்ற இடங்களில் நிலைமை மோசமாக இருந்தது. காரைதீவுப் பக்கம், பாண்டிருப்புப் பக்கம், எங்கள் ஊரின் மேற்குக் கரை, எல்லா இடத்திலும் சனம் பாடசாலைகளில் இருந்தது. எங்கள் அடுப்பு காய்ந்த மேடையில் இருந்தபடியால் மகளும் நானும் தங்கச்சியும் பெரிய சட்டியில் சோறு போட்டோம். ஒழுங்கைப் பெண்கள் ஆளுக்கொரு கறி கொண்டுவந்தார்கள். மகள் கையுறை போட்டுக்கொண்டு, மருந்துக் கடையில் மாத்திரை கட்டுகிற அதே ஒழுங்கோடு பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இடுப்புவரை நனைந்த ஓர் இளைஞன், கை நிறையச் சோற்றுப் பார்சல். பள்ளிவாசலில் சமைத்ததை வீடு வீடாகக் கொடுக்கிற பிள்ளைகளில் ஒருவன். என்னைக் கண்டதும் சலாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மாப்பிள்ளை.

"மாமி, உங்கட வீடு பள்ளமெண்டு இங்கதான் முதல் வந்தன்," என்றான்.

"நல்லது மகன். உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடிங்க. அந்தப் பார்சல வேற இடத்துக்குக் கொண்டு போங்க. போகக்குள்ள எங்கட பார்சலையும் எடுத்திட்டுப் போங்க."

அவன் எட்டிப் பார்த்தான். கழுவிய நிலம், உயரத்தில் எரிகிற அடுப்பு, வரிசையாக அடுக்கிய பார்சல், அதன் பின்னால் நிமிர்ந்து பார்க்காமல் கட்டிக்கொண்டிருந்த என் மகள். தேத்தண்ணியை நின்றபடியே குடித்தான். கொண்டுவந்ததையும் எங்களுடையதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பாண்டிருப்புப் பக்கம் போனான். அன்று பின்னேரம் அவனுடைய தாய் போன் எடுத்தார்.

"தண்ணி வந்திச்சா ராத்தா?"

"வந்திச்சி."

"இப்ப?"

"போயிட்டு."

"மகன் வந்து கதைச்சான்," என்றார். "நிலத்த உசத்தத் தேவையில்லயாம். கலியாணத்துக்கு நாள் பார்ப்பமா?"

கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தோம். நானும் கணவரும் பக்கத்து அறைக்கு மாறினோம். அந்த அறை வீட்டிலேயே பள்ளமான மூலை, ஆனால் அதைப் பற்றி நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா எனக்கு வீட்டைத் தந்துவிட்டுத் தள்ளிப் போனபோது ஒன்றும் சொல்லவில்லையே.

அடுத்த மாரிக்கு முன்னால் ஒரு காலையில் சம்பந்தியார் மேசன் ஒருவரோடும் ஒரு வண்டி கல்லோடும் வந்து இறங்கினார். நல்ல மனிதர், மகன் இருக்கும் வீட்டைப் பற்றி அக்கறை. வளவைச் சுற்றிப் பார்த்தார். தங்கச்சியின் மதிலடியில் இருந்த திறப்பைக் காட்டி மேசனிடம் சொன்னார்: "இத அடைச்சிருங்க. போற வழி இருக்கட்டும், வாற வழிதான் தேவையில்ல. மேல வீட்டுத் தண்ணி நமக்கென்னத்துக்கு?"

நான் குசினி வாசலில் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது இப்போது என் வீடில்லை. தங்கச்சி தன் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேலால் அவளுடைய தலை தெரிந்தது, கேட்டிருப்பாள். மருமகன் தகப்பனுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றான். மேசன் கலவை குழைக்க இடம் தேடினார்.

என் மகள் வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றாள். கைப்பையைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். சத்தம் போடவில்லை.

"மாமா, அத அடைக்க ஏலா. அடைச்சா சாச்சிட வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும்."

"புள்ள, உங்கட நன்மைக்குத்தானே செல்றன்."

"தெரியும் மாமா. ஆனா இது என்ட வீடு. தண்ணி இதால வரும், இதால போகும்."

சம்பந்தியார் மகனைப் பார்த்தார். மருமகன் மனைவியைப் பார்த்துவிட்டு, "அவட வீடுதானே வாப்பா," என்றான். மதிலுக்கு மேலே தங்கச்சி ஒரு சேலையை உதறி நீளமாக விரித்தாள். அவள் முகம் அதற்குப் பின்னால் போய்விட்டது.

மேசன் கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப இந்தக் கல்ல என்ன செய்யிற தங்கச்சி? ஏத்தித் திருப்பிக் கொண்டு போறதா?"

மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகிற போக்கில் பக்கத்து அறையைக் காட்டினாள்.

"வேணாம். உம்மாட கட்டிலுக்கு ஒரு மேடை கட்டித் தாங்க."